குழந்தை வரைந்த வரைபடம் எதை அளக்கிறது?

சென்ற ஆண்டு எங்கள் கல்லூரியின் முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு சிறு வேலை கொடுத்தேன். இயற்பியல் ஆய்வகத்தின் படத்தை, உள்ளே போய்ப் பார்க்காமல், நினைவிலிருந்து வரைந்து தரவேண்டும். வந்த படங்களில் சாளரங்களின் எண்ணிக்கை அநேகமாக ஒன்றிலும் சரியாக இல்லை. ஆனால் தராசு இருக்கும் மூலைமேசை பலருடைய படத்தில் அறையின் கால்பங்கை அடைத்துக்கொண்டு நின்றது. உடைந்த பொருள்களுக்குக் கணக்கெழுதும் நோட்டு வைத்திருக்கும் மேசையையும் யாரும் விடவில்லை.

அளவுகோல் வைத்துப் பார்த்தால் அவை எல்லாமே தவறான படங்கள். இருந்தாலும் அந்த அறையில் மாணவன் எங்கே வரிசையில் காத்துக் கிடக்கிறான், எங்கே பயப்படுகிறான் என்பதை அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை. மறுவாரமே அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த இன்னொரு தராசை எடுத்துத் துடைத்து, வேறொரு மேசையில் வைத்தோம். வரிசை பாதியாகக் குறைந்தது.

இந்த அனுபவத்துக்குப் பிறகுதான் ஒரு நூலை வாங்கி அக்கறையோடு படித்தேன். இங்கிலாந்தைச் சேர்ந்த அலிசன் கிளார்க், பீட்டர் மாஸ் என்ற இருவர் 2001-ஆம் ஆண்டில் வெளியிட்டது அந்நூல். அதன் பெயரைத் தமிழில் 'சிறு குழந்தைகளுக்குச் செவிசாய்த்தல்: மொசைக் அணுகுமுறை' என்று சொல்லலாம். மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளிடம் வரைபடமும் நிழற்படமும் கதையும் பெற்று, அவர்கள் பகல் முழுவதும் தங்கும் காப்பகத்தை எப்படிச் சீர்செய்வது என்பதே அதன் பொருள். இன்று பல நாடுகளில் இம்முறையைப் பின்பற்றுகிறார்கள். இதனை ஓர் இயற்பியல் ஆசிரியனின் கண்ணோடு எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மொசைக் முறை என்பது யாது?

1739-ஆம் ஆண்டில் லண்டன் நகரில், கைவிடப்பட்ட குழந்தைகளுக்காக ஒரு விடுதியை நிறுவியவர் தாமஸ் கோரம் என்ற கப்பல் தலைவர். அவர் பெயரால் அமைந்த லண்டன் ஆராய்ச்சிப் பிரிவு ஒன்றில்தான் கிளார்க்கும் மாஸும் இம்முறையை உருவாக்கினார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பின் இத்தாலியின் ரெஜியோ எமிலியா நகரில் லோரிஸ் மலகுஸ்ஸி வளர்த்தெடுத்த மழலையர் கல்விமுறை அவர்களுக்கு ஊக்கமளித்தது. குழந்தைக்குப் பேச்சு ஒன்றே மொழியன்று. வரைதல், மண்ணில் உருவம் செய்தல், நடித்தல் யாவும் மொழிகளே என்பது அக்கல்விமுறையின் அடிப்படை. தன்னைப் பாதிக்கும் எல்லா விஷயங்களிலும் தன் கருத்தைச் சொல்லும் உரிமை குழந்தைக்கு உண்டு என்று, 1989-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு கூறுகிறது. பேசத் தெரிந்த குழந்தைக்கு மட்டும்தானா அந்த உரிமை? இந்தக் கேள்விக்கு ஒரு செயல்முறை விடையாகவே மொசைக் முறை பிறந்தது.

நம் வீடுகளில் மொசைக் தரையைப் பார்த்திருப்பீர்கள். பல நிறச் சில்லுகளில் ஒன்றைத் தனியே எடுத்துப் பார்த்தால் அதில் ஒன்றும் இல்லை. சேர்த்துப் பதித்தால்தான் கோலம் தெரிகிறது. இம்முறையிலும் அப்படியே. ஆய்வாளர் முதலில் குழந்தையைக் கவனிக்கிறார். பிறகு சில கேள்விகள் கேட்கிறார். குழந்தையின் கையில் ஒரு கேமராவைக் கொடுத்து, உனக்கு முக்கியமானவற்றைப் படம் பிடி என்கிறார். அடுத்து, குழந்தையே வழிகாட்டியாக முன்னே நடந்து காப்பகத்தைச் சுற்றிக் காட்டுகிறது. எடுத்த நிழற்படங்களையும் தானே வரைந்த படங்களையும் ஒரு பெரிய தாளில் ஒட்டி வரைபடம் செய்கிறது. பெற்றோரும் பணியாளர்களும் தங்கள் கருத்தைத் தனியே சொல்கிறார்கள். இத்தனை சில்லுகளையும் ஒன்றாக வைத்து, எல்லோரும் கூடிப் பேசி, குழந்தைக்கு அந்த இடத்தில் வாழ்வது எப்படி இருக்கிறது என்று புரிந்துகொள்ள முயல்கிறார்கள்.

அந்நூலில் வரும் ஒரு சிறுவனின் கதை மறக்க முடியாதது. தனக்குப் பிடித்த இடம் தன் 'குகை' என்று அவன் சொன்னான். அங்கே மாய வானொலியில் மாய சங்கீதம் கேட்குமாம். காப்பகத்தில் குகை ஏது? அவனே சுற்றிக் காட்டியபோதுதான் தெரிந்தது, புல்தரையில் வளைந்து கிடந்த ஓர் இருக்கைதான் அந்தக் குகை. பெரியவர்களின் பதிவேட்டில் அது ஒரு பெஞ்சு. அதை ஓரமாக எடுத்துப் போட்டிருந்தால் யாருக்கும் எதுவும் குறைந்ததாகத் தோன்றியிருக்காது. அந்த ஒருவனுக்கு மட்டும் வீடு இடிந்திருக்கும். பேச்சு மட்டும் இருந்திருந்தால் அது வெறும் கற்பனை. நிழற்படம் மட்டும் இருந்திருந்தால் அது வெறும் பெஞ்சு. இரண்டும் சேர்ந்தபோதுதான் பொருள் கிடைத்தது. இம்முறையின் பலம் இதுவே.

வரைபடமும் மூன்று வயதும்

இனி ஐயங்களுக்கு வருவோம். மூன்று வயதுக் குழந்தைக்கு வரைபடம் என்றால் என்ன என்று தெரியுமா?

ஜான் பியாஜேயும் பேர்பெல் இன்ஹெல்டரும் 1948-இல் வெளியிட்ட ஆய்வில், சிறு குழந்தைக்கு அருகில், உள்ளே, சுற்றி என்னும் உறவுகளே முதலில் பிடிபடுகின்றன என்றார்கள். தூரம், கோணம், அளவு விகிதம் ஆகியவை பல ஆண்டுகள் கழித்தே வருகின்றன. மூன்று மலைகளின் மாதிரியைக் குழந்தையின் முன் வைத்து, எதிர்ப்பக்கம் இருக்கும் பொம்மைக்கு அவை எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். தனக்குத் தெரியும் காட்சியையே பல குழந்தைகள் விடையாகக் காட்டின.

இதை அப்படியே ஏற்றால் மொசைக் முறையை மூடிவைக்க வேண்டியதுதான். ஆனால் மார்கரெட் டொனால்ட்சன் 1978-இல் எழுதிய 'குழந்தைகளின் மனங்கள்' என்ற நூலில் வேறொரு சோதனை வருகிறது. மார்ட்டின் ஹியூஸ் மலைகளை அகற்றிவிட்டு, சிலுவை வடிவில் சுவர்களையும் ஒரு போலீஸ்காரப் பொம்மையையும் வைத்தார். போலீஸ்காரர் கண்ணில் படாமல் இந்தப் பையனை ஒளித்து வை என்றார். மூன்றரை வயதிலிருந்து ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் பெரும்பாலோர் சரியாக ஒளித்தார்கள். ஒளிந்து விளையாடுவதன் நோக்கம் அவர்களுக்குத் தெரியும். மலைகளின் காட்சியில் அப்படி ஒரு நோக்கம் இல்லை. கேள்வி வாழ்க்கையோடு ஒட்டியிருந்தால் குழந்தையின் அறிவு வெளிப்படுகிறது.

1987-இல் ஜூடி டெலோச் செய்த சோதனை இன்னும் கூர்மையானது. ஓர் அறையின் சிறிய மாதிரியில் குட்டிப் பொம்மையை ஓரிடத்தில் ஒளித்தார். பெரிய பொம்மை பெரிய அறையில் அதே இடத்தில் ஒளிந்திருக்கிறது, தேடு என்றார். மூன்று வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோர் நேரே போய் எடுத்தார்கள். இரண்டரை வயதினர் தடுமாறினார்கள். மாதிரியில் பொம்மை எங்கே இருந்தது என்பது அவர்களுக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால் மாதிரி அறைக்குப் பெரிய அறை என்ன உறவு என்பதுதான் புரியவில்லை. ஒரு பொருள் இன்னொன்றைக் குறிக்கும் என்ற எண்ணம் ஏறத்தாழ மூன்று வயதில் மலர்கிறது என்று இதனால் தெரிகிறது. அப்போதும் அது அரைகுறையே. லின் லிபன், ரோஜர் டவுன்ஸ் இருவரும் சிறு குழந்தைகளிடம் சாலை வரைபடத்தைக் காட்டியபோது, சிவப்புக் கோடு குறிக்கும் சாலை உண்மையிலும் சிவப்பாக இருக்கும் என்று சில குழந்தைகள் எண்ணின. இந்தக் கோடு சாலையாக இருக்க முடியாது, இரண்டு கார்கள் போகும் அகலம் இல்லையே என்றும் ஒரு குழந்தை மறுத்தது!

ஆகவே, காப்பக வரைபடத்தில் கழிப்பறை தூரத்தில் ஒட்டப்பட்டிருந்தால், அது குழந்தைக்குத் தூரமாகத் தோன்றுகிறது என்று உடனே முடிவு கட்டுவது தவறு. தாளில் அங்கேதான் இடம் இருந்திருக்கலாம். பசை அந்தப் பக்கம் இருந்திருக்கலாம். என் மாணவர்களுடைய படங்களில் பெரிதாயிருந்த மேசையை நான் பொருளுள்ளதாக எடுத்துக்கொண்டதற்குக் காரணம், பலர் படத்தில் அது திரும்பத் திரும்ப வந்ததும், வரிசையை நானே கண்ணால் பார்த்திருந்ததும்தான். கிளார்க்கும் மாஸும் வரைபடத்தை அளவுகோலாகப் பயன்படுத்தவில்லை என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். வரையும்போது குழந்தை என்ன பேசுகிறது என்பதையே அவர்கள் பெரிதாக எண்ணுகிறார்கள். அவர்களைப் பின்பற்றுகிறவர்கள் சிலர்தான் தாளைச் சுவரில் மாட்டிவிட்டுப் பேச்சை மறந்துவிடுகிறார்கள்.

கேள்வியே விடை தருமா?

அந்தப் பேச்சையாவது முழுவதும் நம்பலாமா? ஹியூஸும் ராபர்ட் கிரீவும் 1980-இல் வெளியிட்ட சோதனையை என் வகுப்பில் அடிக்கடி சொல்வதுண்டு. ஐந்து வயது, ஏழு வயதுக் குழந்தைகளிடம், 'பால் தண்ணீரைவிடப் பெரியதா?', 'சிவப்பு மஞ்சளைவிடக் கனமா?' என்று கேட்டார்கள். கேள்விக்கே பொருள் இல்லை என்று சொல்ல வேண்டியவர்கள், ஏறக்குறைய எல்லோரும் விடை சொன்னார்கள், காரணமும் கூறினார்கள். பெரியவர் கேட்டால் அதற்கு ஒரு விடை இருக்கத்தான் வேண்டும் என்பது குழந்தையின் நம்பிக்கை.

1995-இல் மிஷேல் லைக்ட்மன், ஸ்டீஃபன் சீசி ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இதைவிடக் கவலை தருவது. சாம் ஸ்டோன் என்ற ஒருவர் மழலையர் வகுப்புக்கு வந்து, இரண்டு நிமிடம் உலாவிவிட்டு, எதையும் தொடாமல் போனார். ஒரு குழுவினரிடம் அவர் வருவதற்கு முன்பே, அவர் எதையும் உடைத்துவிடும் ஆள் என்று கதைகள் சொல்லியிருந்தார்கள். வந்துபோன பிறகும், அவர்தான் புத்தகத்தைக் கிழித்தார் என்பதுபோலத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். இறுதியில் அக்குழுவின் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளில் 72 விழுக்காட்டினர் அவர்மீது ஏதேனும் ஒரு குற்றம் சொன்னார்கள். முன்கதையும் தூண்டலும் இல்லாத குழுவில் பெரும்பாலோர் நடந்ததையே சொன்னார்கள் என்பதும் இங்கே முக்கியமானது. குழந்தை பொய் சொல்லும் பிராணி என்று இதற்குப் பொருளில்லை. பெரியவர் கலக்காதவரை குளம் தெளிவாகவே இருக்கிறது.

ஒரு குவளை வெந்நீரின் வெப்பநிலையை அளக்க, அந்தக் குவளையளவு பருத்த குளிர்ந்த வெப்பமானியை உள்ளே விட்டால் என்ன ஆகும்? நீர் ஆறிப்போகும், நாம் நீரை அளக்காமல் நம் கருவியையே அளந்துகொண்டிருப்போம். மூன்று வயதுக் குழந்தையின் முன் உட்காரும் ஆராய்ச்சியாளர் அப்படியொரு பருத்த வெப்பமானி. மொசைக் முறையில் கேமராவும் சுற்றுலாவும் குழந்தையின் கையில் இருப்பது அவரைக் கொஞ்சம் மெலியவைக்கிறது. இந்தக் கருத்து எனக்கு உடன்பாடே.

பூஜ்யப் பிழை

இம்முறையை ஆதரிப்பவர்கள் பெரும்பாலும் சொல்லும் வாதம், பல வழிகளில் கேட்பதால் தவறுகள் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ளும் என்பது. இதைத்தான் நான் மறுக்கிறேன்.

வெர்னியர் அளவி பிடித்த எந்த மாணவருக்கும் இரண்டு வகைப் பிழைகள் தெரியும். கை நடுக்கத்தால் வரும் பிழை ஒருமுறை கூடும், ஒருமுறை குறையும். பலமுறை அளந்து சராசரி எடுத்தால் அது தணியும். கருவியிலேயே பூஜ்யம் நகர்ந்திருந்தால் நூறு முறை அளந்தாலும் நூறும் ஒரே பக்கம் சாயும். ஒரே ஆய்வாளர், ஒரே காப்பகத்தில், தமக்கு முன்பே இருக்கும் ஓர் எண்ணத்தோடு நிழற்படத்தையும் வரைபடத்தையும் கதையையும் படித்தால், மூன்றும் ஒத்துப்போவதில் வியப்பில்லை. மூன்று சாட்சிகள் வந்ததுபோலத் தோன்றும், வந்தவர் ஒருவரே.

இதற்குப் பரிகாரம் கடினமன்று. இரண்டு பேர் ஒருவரையொருவர் கலந்து பேசாமல் அதே வரைபடங்களைப் படித்துத் தங்கள் கருத்தை எழுதிவைக்கலாம். ஒரு வாரம் கழித்துக் குழந்தையிடமே படத்தைத் திருப்பிக் கொடுத்து மறுபடி பேசச் செய்யலாம். குழந்தை விரும்புவதாகச் சொன்ன மூலையில் அது உண்மையிலேயே எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கடிகாரம் வைத்துப் பார்க்கலாம். மாற்றம் செய்த பிறகு மீண்டும் சுற்றிக் காட்டச் சொல்லலாம். இவ்விதச் சோதனைகளை வற்புறுத்தும் ஓர் அத்தியாயம் இருந்திருந்தால் நூலின் மதிப்பு இன்னும் உயர்ந்திருக்கும். தாங்கள் தேடுவது அளவீடு அன்று, உரையாடலே என்று ஆசிரியர்கள் பதில் சொல்வார்கள். உரையாடல் உரையாடலாக நிற்கும்வரை அது சரி. 'ஆகவே இந்த வேலியை எடு, அந்த அறையைக் கட்டு' என்று பணம் செலவழிக்கும் இடம் வந்துவிட்டால், அது உலகத்தைப் பற்றிய ஒரு கூற்றாகிவிடுகிறது. உலகத்தைப் பற்றிய கூற்றுச் சோதனைக்கு உட்பட்டே ஆகவேண்டும்.

கதை சாட்சியம் அன்று

வரைபடத்தைவிடக் கதை இன்னும் நுட்பமானது. இதில் பெரிய அனுபவசாலி சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பள்ளியில் மழலையருக்குப் பாடம் சொன்ன விவியன் பேலி (1929-2019). குழந்தை சொல்லச் சொல்ல அவர் கதையை எழுதிக்கொள்வார். பின்னர் வகுப்புக் குழந்தைகளே அதை நடித்துக் காட்டுவார்கள். வகுப்பில் நடக்கும் பேச்சை நாடாவில் பதிவுசெய்து, பின்பு கேட்டு எழுதுவதும் அவர் வழக்கம். அப்படிக் கேட்டபோது, தம் கேள்விகளே குழந்தைகளின் பேச்சை எங்கெங்கே வெட்டிவிட்டன என்பது அவருக்கே தெரிந்தது. தன் கருவியைத் தானே சோதித்துக்கொண்ட ஆசிரியை அவர்.

ஒரு குழந்தையின் கதையில் பூதம் வந்தால், காப்பகத்தில் யாரோ பூதமாக நடக்கிறார்கள் என்று கொள்ளக்கூடாது. அதே பூதம் பல நாள் வந்து, எப்போதும் தூங்கும் நேரத்திலேயே வந்தால், தூங்கும் அறைக்குப் போய்ப் பார்ப்பது நம் கடமை. கதை எங்கே பார்க்கவேண்டும் என்று சொல்லும். என்ன இருக்கிறது என்பதை நாம்தான் பார்க்கவேண்டும்.

பேலியின் 1992-ஆம் ஆண்டு நூல் இன்னொரு பாடம் தருகிறது. சில குழந்தைகளை மற்றவர்கள் விளையாட்டில் சேர்க்காமல் ஒதுக்குவதைக் கண்டு, 'நீ விளையாட வரக்கூடாது என்று யாரும் சொல்லக்கூடாது' என்ற விதியைக் கொண்டுவர நினைத்தார். உடனே அறிவித்துவிடவில்லை. தம் வகுப்பிலும் மேல் வகுப்புகளிலும் அதைப் பற்றிப் பேசினார், கதை சொன்னார். இது நடக்காது என்று வாதாடிய குழந்தைகள் பலர். எல்லாவற்றையும் கேட்ட பிறகு விதியைக் கொண்டுவந்தார். செவிசாய்ப்பது வேறு, சொன்னபடி ஆடுவது வேறு. வாக்கெடுப்பு நடத்தியிருந்தால் ஒதுக்கப்பட்ட குழந்தை தோற்றிருக்கும். பெரும்பான்மை வரைபடங்களில் வராத ஒரு குழந்தையைக் கண்டுபிடிப்பதும் செவிசாய்ப்பதன் பகுதியே.

வரைபடத்தில் வராதவை

இன்னொரு குறையையும் சொல்லவேண்டும். கண்டதைத்தான் குழந்தை வரையும். காணாத மணல்தொட்டியை எப்படிக் கேட்கும்? கிளார்க்கும் மாஸும் இதை உணர்ந்தே, 2005-இல் வெளியிட்ட இரண்டாவது நூலில், வேறு இடங்களின் படங்களைக் காட்டிக் குழந்தைகளைப் பேசவைத்திருக்கிறார்கள். வெளி விளையாட்டிடத்தைப் பற்றிய அவ்வாய்வில் எதை அப்படியே வைப்பது, எதை விரிவாக்குவது, எதை மாற்றுவது, எதைப் புதிதாகச் சேர்ப்பது என்று நான்கு தலைப்புகளில் முடிவுகளைத் தொகுத்தார்கள். இது பாராட்டத்தக்க முன்னேற்றம்.

ஆயினும் குடிநீரின் தூய்மை, ஒரு பணியாளருக்கு எத்தனை குழந்தைகள், அவருக்குக் கிடைத்த பயிற்சி, அவர் சம்பளம் ஆகியவை எந்த மூன்று வயதுக் குழந்தையின் வரைபடத்திலும் வரமாட்டா. காப்பகத்தின் தரத்தை நிர்ணயிப்பவை பெரும்பாலும் இவையே. வரைபடத்தைக் காட்டி, 'குழந்தைகள் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறார்கள்' என்று இந்தச் செலவுகளைத் தள்ளிப்போட ஒரு நிர்வாகி நினைத்தால், நல்ல கருவி கெட்ட கையில் அகப்பட்டதாகும். 1992-இல் யூனிசெப் வெளியிட்ட ஒரு கட்டுரையில் ரோஜர் ஹார்ட், குழந்தைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் உள்ள ஏணியாகக் காட்டினார். ஏய்ப்பு, அலங்காரம், ஒப்புக்குச் சேர்த்தல் என்ற கீழ் மூன்று படிகளையும் அவர் பங்கேற்பாகவே கணக்கில் கொள்ளவில்லை. வரவேற்பறைச் சுவரில் மாட்டிய வண்ண வரைபடங்களைக் காணும்போதெல்லாம், அவை எந்தப் படியில் நிற்கின்றன என்று கேட்டுப் பார்க்கலாம்.

கடைசியாக ஒன்று. ஒளிந்துகொள்ளும் இடம் எந்தக் குழந்தைக்கும் வேண்டும். அதை வரைபடத்தில் குறித்த கணமே அது ஒளிவிடம் ஆகாது. அந்தச் சிறுவனின் குகை எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நமக்கு அது நல்ல அறிவு, அவனுக்கு என்னவோ? குழந்தை எதைக் காட்ட மறுக்கிறதோ அதை வற்புறுத்திக் கேட்காமலிருப்பதும் இம்முறையின் விதிகளில் ஒன்றாக வேண்டும்.

முடிவாக

மொத்தத்தில் மொசைக் முறையைத் தள்ளிவிடவும் முடியாது, கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவும் முடியாது. அது ஓர் அளவுகோல் அன்று, நல்ல மணி. எங்கோ ஒன்று நடக்கிறது, வந்து பார் என்று அழைக்கிறது. மணிச் சத்தம் கேட்டு எழுந்து போகிறவருக்கு அது பயன்படும். சத்தத்தையே செய்தியாக எண்ணிப் பதிவேட்டில் எழுதி மூடுகிறவருக்குப் பயன்படாது.

வாசகர்கள் வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம். அங்கன்வாடிக்கோ மழலையர் பள்ளிக்கோ போகும் குழந்தை இருந்தால், ஒரு தாளும் வண்ணப் பென்சிலும் கொடுங்கள். 'அங்கே உனக்கு எது பிடிக்கும்?' என்று கேட்டு வெப்பமானியைக் குளிரவைத்துவிடாதீர்கள். 'எனக்கு அங்கே வழி தெரியாது, காட்டு' என்று மட்டும் சொல்லிவிட்டு அருகில் உட்காருங்கள். தாளில் என்ன வருகிறது என்பதைவிட, வரையும்போது வாயில் என்ன வருகிறது என்று கவனியுங்கள். அது ஏதேனும் ஓர் இடத்தைச் சொன்னால், மறுநாள் காலையில் பத்து நிமிடம் முன்னதாகப் புறப்பட்டு, அந்த இடத்தை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். என் ஆய்வகத்தில் இன்னொரு தராசு அலமாரிக்குள் பல ஆண்டுகளாக இருந்தது. நாங்கள் பார்க்காததுதான் குறை.